விறைப்புக் குறைபாட்டுக்குக் குளிசை: எந்த அளவுக்குப் பயன் தரும், எப்படி எடுக்க வேண்டும்

விறைப்புக் குறைபாட்டுக்கு வாயால் உட்கொள்ளும் குளிசைகள் பெரும்பாலான ஆண்களுக்கு உண்மையாகவே பயன் தருகின்றன. அவற்றைச் சரியான முறையில் எடுக்காதவருக்கு அதே குளிசை பயனற்றதாகத் தோன்றும். எடுக்கவே கூடாத ஒருவர் எடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த விடயத்தை ஆண்கள் முதலில் கதைப்பது பெரும்பாலும் வைத்தியரிடம் அல்ல, வயலிலோ மீன்வாடியிலோ தேநீர்க்கடையிலோ நெருங்கிய கூட்டாளி ஒருவரிடம்தான். அந்தக் கூட்டாளி ஒரு குளிசையின் பெயரைச் சொல்லுவார். அதை எப்போது, எத்தனை மில்லிகிராம், எந்த நிலையில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார். இந்த வழிகாட்டி அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே எழுதப்படுகிறது.

முதலில் இது எந்த வருத்தம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. களைப்பிலோ கவலையிலோ ஓரிரு நாள் விறைப்பு வராமல் போவது எந்த ஆணுக்கும் நேரக்கூடியது. அதற்கு மருந்து தேவையில்லை. உறவுக்குப் போதுமான விறைப்பு வராமலோ, வந்தும் நிலைக்காமலோ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் அதை விறைப்புக் குறைபாடு என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 52 சதவீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. அத்தனை பேருக்கு உள்ள ஒரு வருத்தத்தை வெட்கத்துக்குரிய தனிக்குறையாக எண்ணி மறைத்துவைக்க எந்த நியாயமும் இல்லை.

எத்தனை பேருக்கு வேலை செய்கிறது

இன்று பரவலாகப் பயன்படும் குளிசைகளுள் முதலாவது சில்டெனாபில். வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் 1998 மார்ச்சில் அனுமதிபெற்ற இந்த மருந்து, முதலில் நெஞ்சு வருத்தத்துக்காகவே ஆராயப்பட்டது. அதே ஆண்டு வெளியான பெரிய மருத்துவ ஆய்வொன்றின் கடைசி நான்கு வாரங்களில், சில்டெனாபில் எடுத்த ஆண்கள் மேற்கொண்ட உறவு முயற்சிகளில் 69 சதவீதமானவை வெற்றிபெற்றன. மருந்தில்லாத வெற்றுக் குளிசையை எடுத்தவர்களிடம் அது 22 சதவீதமாகவே இருந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் கவனத்தில் கொள்ள வேண்டும். மருந்தே இல்லாமலும் ஐந்தில் ஒரு முயற்சியாவது நிறைவேறியதில், மருந்து எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்; இந்த வருத்தத்தில் மனத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதை அது நினைவூட்டுகிறது.

எல்லாருக்கும் இந்த அளவு பயன் கிடைப்பதில்லை. நீரிழிவு உள்ள ஆண்கள் 268 பேரிடம் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வில், சில்டெனாபில் எடுத்தவர்களில் 56 சதவீதமானோர் விறைப்பு முன்னேறியதாகச் சொன்னார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 10 சதவீதமானோரே அப்படிச் சொன்னார்கள். சீனி வருத்தம் நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் அது இரத்தக் குழாய்களோடு நரம்புகளையும் பழுதாக்கிவிடுவதால் குளிசையின் பலன் குறைகிறது. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பி முழுவதையும் அகற்றும் சத்திரசிகிச்சையில் விறைப்புக்குரிய நரம்புகளும் வெட்டப்பட்டவர்களுக்குப் பலன் இன்னும் மிகக் குறைவு. மாறாக, வயது குறைந்தவராக, பெரிய நோய் எதுவும் இல்லாதவராக, மனப்பதற்றமே முக்கிய காரணமாக உள்ளவராக இருந்தால் பலன் நன்றாகவே இருக்கும்.

சில்டெனாபிலுக்குப் பின்னர் டடலாபில், வார்டெனாபில், அவனாபில் ஆகியவை வந்தன. இவற்றுள் ஒன்று மற்றொன்றைவிட வலிமையானது என்று சொல்வதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. வேறுபாடு முக்கியமாக எவ்வளவு விரைவில் வேலை தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சாப்பாட்டால் பாதிக்கப்படுகிறதா என்பவற்றில்தான் இருக்கிறது.

குளிசை செய்வதும் செய்யாததும்

ஆசையும் தொடுகையும் ஏற்படும்போது ஆணுறுப்பின் நரம்புகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது அங்குள்ள தசைகளைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருளை உண்டாக்குகிறது. தசைகள் தளர்ந்ததும் இரத்தம் உள்ளே பாய்ந்து விறைப்பு உண்டாகிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருக்கிறது. இந்தக் குளிசைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. அதாவது, தொடங்கிய விறைப்பு அணையாமல் காப்பதே குளிசையின் வேலை. விறைப்பைத் தொடக்கிவைப்பது ஆசையும் தொடுகையுமே.

இதிலிருந்து பல விடயங்கள் தெளிவாகும். குளிசையை விழுங்கிவிட்டு ஏதாவது நடக்கட்டும் என்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. ஆசையே குறைந்துபோனவருக்கு இது ஆசையைக் கூட்டித் தராது. விந்து முந்துவதற்கு இது நேரடி மருந்தல்ல. இது கருத்தடையும் அல்ல, பாலியல் நோய்களிலிருந்து பாதுகாப்பதும் அல்ல. நோயை வேரோடு குணப்படுத்துவதும் அல்ல. எடுத்த நாளுக்கு உதவும், காரணம் அப்படியே இருந்தால் மறுநாள் குறைபாடும் அப்படியே இருக்கும். உடல் இதற்கு அடிமையாவதில்லை. ஆனால் குறைபாடே இல்லாத இளைஞர்கள் துணிச்சலுக்காக எடுத்துப் பழகி, பின்னர் குளிசை இல்லாமல் தம்மால் முடியாது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது, இந்தப் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம் என்பதைத்தான்.

வைத்தியரிடம் முதலில் போக வேண்டியதன் காரணம்

ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் விட்டம் கொண்டவை; இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். கொழுப்புப் படிவு எல்லா நாடிகளிலும் ஒன்றாகவே வளர்ந்தாலும், சிறிய குழாய் முதலில் அடைபடுவதால், விறைப்புக் குறைபாடு நெஞ்சு வருத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வெளிப்படலாம். ஐம்பது வயதில் மெல்ல மெல்ல விறைப்புக் குறைந்துவரும் ஒருவர் வைத்தியரைப் பார்க்காமல் பாமசியில் குளிசை வாங்கிச் சமாளித்துக்கொண்டால், அவர் தம் இதயத்தைக் காப்பாற்றுவதற்குக் கிடைத்த முன்னெச்சரிக்கையைக் கைவிட்டவராகிறார். என் கருத்தில், இந்த வருத்தத்துக்காக வைத்தியரிடம் போவதன் மிகப்பெரிய பயன் குளிசை கிடைப்பதல்ல, சீனியும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் பரிசோதிக்கப்படுவதுதான்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை ஆகியவற்றிலும், வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் முதலிய இடங்களின் ஆதார வைத்தியசாலைகளிலும் வெளிநோயாளர் பிரிவில் இதற்காகப் போகலாம். ஏற்கெனவே நீரிழிவு அல்லது பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர் அதே கிளினிக் வைத்தியரிடமே சொல்லுவது எல்லாவற்றிலும் நல்லது. அவரிடம் உங்கள் மருந்துப் பட்டியல் இருக்கிறது. ஊரில் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்ற கூச்சம் இருந்தால், களுவாஞ்சிகுடியில் இருப்பவர் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ போவதில் பிழையில்லை. தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு பொது வைத்தியரைப் பார்ப்பதும் போதும்.

அறைக்குள் இன்னொருவர் இருந்தால், “டொக்டர், தனியாக ஒரு விடயம் கதைக்க வேண்டும்” என்று சொன்னால் போதும். பிறகு சுற்றிவளைக்காமல், “ஆறு மாதமாக விறைப்புச் சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை” என்று சொல்லிவிடுங்கள். உடல் பலவீனம், இடுப்பு உளைவு, களைப்பு என்று தொடங்கினால் விற்றமின் குளிசையோடு திரும்பி வரவே நேரும். வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை யோசித்துவைப்பது உதவும். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா, ஆசை முன்போல இருக்கிறதா, புகை, மது, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்பவை அவற்றுள் முக்கியமானவை. காலையில் விறைப்பு வழக்கம்போல வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், காரணம் பெரும்பாலும் மனத்தைச் சார்ந்தது. காலை விறைப்பும் படிப்படியாக மறைந்துவிட்டால் இரத்தக் குழாயோ நரம்போ ஹோர்மோனோ காரணமாக இருக்கலாம். ஆசையே குறைந்திருந்தால் டெஸ்டொஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். அதற்கு இரத்தம் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் எடுக்கப்பட வேண்டும், ஏனெனில் நாள் செல்லச் செல்ல அதன் அளவு இறங்குகிறது.

கிளினிக் கொப்பியையும், வீட்டில் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் உறைகளையும் கொண்டு போங்கள். இது ஒரு சடங்கல்ல. பிரஷருக்குக் கொடுக்கப்படும் ஹைட்ரோகுளோரோதையசைட், அட்டெனலோல் போன்ற மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் விறைப்பைக் குறைக்கக்கூடியவை. அப்படியிருந்தால் வைத்தியர் வேறொன்றுக்கு மாற்றித் தருவார். நீங்களாக அவற்றை நிறுத்தினால், விறைப்பு திரும்புவதற்கு முன்னர் பாரிசவாதம் வந்துவிடக்கூடும்.

உறவு என்பது உடலுக்கு ஓர் உழைப்பும் ஆகும். சமதரையில் இருபது நிமிடத்தில் ஒரு மைல் நடக்கவும், இரண்டு மாடிப் படிகளை விரைவாக ஏறவும் நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் முடிந்தால், இதயம் அந்த உழைப்பைத் தாங்கும் என்று பொதுவாகக் கொள்வார்கள். முடியாவிட்டால், குளிசைக்கு முன்னர் இதய நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் ஒருவர் வாசிப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரீ.என். குளிசை அல்லது தெளிப்பு, தினமும் விழுங்கும் ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட், ஐசோசோர்பைட் டைநைட்ரேட் ஆகியவை நைட்ரேட் வகை மருந்துகள். இவையும் உடலில் அதே நைட்ரிக் ஒக்சைட் வழியாகவே வேலை செய்கின்றன. நைட்ரேட் மருந்தும் விறைப்புக் குளிசையும் ஒன்றாக உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு வீழ்ந்து, மயக்கமும் மாரடைப்பும் மரணமும் நேரலாம். அளவைக் குறைத்து எடுத்தாலும், நேரத்தைத் தள்ளி எடுத்தாலும், இன்று மட்டும் என்று எடுத்தாலும் இந்த ஆபத்து நீங்காது. நெஞ்சுவலிக்கான நிக்கோரண்டில் மருந்துக்கும் இதே தடை பொருந்தும்.

இதன் மறுபக்கத்தையும் வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். விறைப்புக் குளிசை எடுத்த ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அவசரத்தில் அயலவரின் ஜீ.ரீ.என். குளிசையை நாக்கின் கீழ் வைத்துவிடக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழைத்து, வந்தவர்களிடமும் வைத்தியசாலையின் அவசரப் பிரிவிலும் எந்தக் குளிசையை எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சில்டெனாபில் எடுத்தவருக்குக் குறைந்தது 24 மணித்தியாலமும், டடலாபில் எடுத்தவருக்குக் குறைந்தது 48 மணித்தியாலமும் நைட்ரேட் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். வெட்கத்தால் இதை மறைப்பவர் தம்மைக் காப்பாற்ற முயலும் வைத்தியரையே தவறான வழியில் நடத்துகிறார். மனைவிக்குத் தெரியாமல் குளிசை எடுப்பதை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்: அந்த இரவில் பேச முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

பிரஷருக்காகப் பிரசோசின் எடுப்பவரும், சிறுநீர் தடைப்படுவதற்காக டாம்சுலோசின் போன்ற மருந்து எடுப்பவரும் விறைப்புக் குளிசையை முற்றாகத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆயினும், எழும்பும்போது தலைசுற்றி விழும் ஆபத்து இருப்பதால், மிகக் குறைந்த அளவில், வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே தொடங்க வேண்டும். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இரத்த அழுத்தம் 90/50 இற்குக் கீழே உள்ளவர், விழித்திரையில் பரம்பரை நோய் உள்ளவர் ஆகியோருக்கும் இது ஏற்றதல்ல. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், பங்கசுக்குரிய சில குளிசைகளும் சில்டெனாபிலை உடலிலிருந்து வெளியேறாமல் தேக்கிவைப்பதால், அவற்றை எடுக்கும் நாட்களில் வைத்தியரைக் கேட்டே தீர வேண்டும்.

குளிசையை எடுக்கும் முறை

சில்டெனாபில் பொதுவாக 50 மில்லிகிராமில் தொடங்கப்படும். 65 வயதைக் கடந்தவருக்கும், ஈரலில் நோய் உள்ளவருக்கும், சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவருக்கும் 25 மில்லிகிராம் போதும். பலன் போதாவிட்டால், வைத்தியர் 100 மில்லிகிராம் வரை கூட்டுவார்; அதுவே உச்ச அளவு, ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. உறவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன் வேலை நான்கு மணித்தியாலம் அளவுக்கு நீடிக்கும். அந்த நேரம் முழுவதும் விறைத்தே இருக்கும் என்பது அதன் பொருளல்ல, அந்த நேரத்துக்குள் ஆசை எழுந்தால் விறைப்பு உதவிபெறும் என்பதுதான்.

சில்டெனாபில் தோற்றுப்போவதற்கு நம்மவரிடம் மிகப் பொதுவான காரணம் சாப்பாடு. கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றில் இருந்தால் குளிசை இரத்தத்தில் கலப்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தாமதமாகும், உச்ச அளவும் குறையும். கல்யாண வீட்டில் புரியாணி சாப்பிட்டுவிட்டோ, இரவு பத்து மணிக்கு மாட்டிறைச்சிக் கொத்து ரொட்டியும் எருமைத் தயிரும் வயிறார உண்டுவிட்டோ உடனே குளிசையை விழுங்குபவர், அது வேலை தொடங்கும் முன்னரே சோர்ந்து உறங்கிவிடுவார். வெறும் வயிற்றிலோ, இலகுவான சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலத்தின் பின்னரோ எடுப்பதே சரியான முறை. நோன்பு மாதத்தில் இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரங்களும் கஞ்சியும் சேர்ந்து வயிறு நிறைந்திருக்கும்போது இந்தக் குளிசையை எடுப்பதிலும் இதே குறை உண்டு. இரவுத் தொழுகை முடிந்த பின்னர் எடுப்பது மேல்.

டடலாபிலுக்குச் சாப்பாட்டால் தடை இல்லை. 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவையானால் 20 வரை கூட்டுவார்கள். அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கலாம் என்றாலும், இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுவது நல்ல பலன் தரும். அதன் பலன் 36 மணித்தியாலம் வரை நீடிக்கும். கொழும்பில் வேலை செய்து வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்புபவருக்கு, சனிக்கிழமை மாலையில் எடுத்த ஒரு குளிசை ஞாயிற்றுக்கிழமையும் உதவும். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் பதற்றம் இல்லாமல் போவதால், மனப்பதற்றமே முக்கிய காரணமாக உள்ளவர்களுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுபவருக்கு 5 மில்லிகிராமைத் தினமும் ஒரே நேரத்தில் எடுக்கும் முறையும் உண்டு. புரோஸ்டேட் வீக்கத்தால் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்புபவருக்கு அதே குளிசை அதற்கும் உதவும்.

ஒரு தடவை எடுத்துப் பார்த்து, சரிவரவில்லை என்று முடிவுசெய்வது மிகப் பெரிய தவறு. நெடுநாள் இடைவெளிக்குப் பின்னர் முதல் முயற்சியில் பதற்றம் அதிகமாக இருக்கும். அந்தப் பதற்றமே இரத்தக் குழாய்களை இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சரியான நேரத்தில், சரியான வயிற்று நிலையில், வைத்தியர் அனுமதித்த உச்ச அளவில், வெவ்வேறு நாட்களில் ஆறு முதல் எட்டு முயற்சி செய்த பின்னரே ஒரு குளிசை பலனளிக்கவில்லை என்று சொல்லலாம். பலனில்லை என்று வைத்தியரிடம் திரும்பி வருபவர்களில் கணிசமானோர், எடுக்கும் முறையைத் திருத்திக்கொண்டதும் அதே குளிசையால் பயன்பெறுகிறார்கள்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கூச்சம் போகச் சிறிதளவு குடித்துவிட்டுக் குளிசை எடுப்பவர், விறைப்பைத் தானே குறைத்துக்கொள்கிறார். அளவு கூடினால் இரத்த அழுத்தமும் சேர்ந்து வீழும். கசிப்புக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.

பக்க விளைவுகள்

தலையிடி சில்டெனாபில் எடுப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு வரும். முகம் சிவந்து சூடாவது, மூக்கடைப்பு, நெஞ்செரிவு, பார்வையில் மெல்லிய நீலநிறம் தெரிவது ஆகியவையும் வரலாம். டடலாபில் எடுத்தவருக்கு மறுநாள் முதுகும் தொடையும் உளையலாம். இவை பெரும்பாலும் சில மணித்தியாலத்தில், டடலாபிலுக்கு ஓரிரு நாளில், தாமாகத் தீர்ந்துவிடும். உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நிலைகள் வேறு: நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு அடங்காமல் இருப்பது, ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மறைவது, திடீரென்று காது கேளாமல் போவது, நெஞ்சுவலி. அடங்காத விறைப்பை விடியும்வரை பொறுத்துப் பார்ப்பவருக்கு, உள்ளே தேங்கிய இரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து தசைகள் நிரந்தரமாகப் பழுதாகிவிடக்கூடும்.

எங்கே வாங்குவது, எதை வாங்கக் கூடாது

இது வைத்தியரின் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. பதிவுபெற்ற பாமசியில், மருந்தாளர் இருக்கும் நேரத்தில், உறை பிரிக்கப்படாத பட்டையாக வாங்குங்கள். பிரபல வர்த்தகப் பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவுசெய்யப்பட்ட, விலை குறைந்த குளிசையும் அதே வேலையைச் செய்யும். முகநூல் விளம்பரத்திலிருந்தும், வெளிநாட்டிலிருந்து வந்தவரின் பெட்டியிலிருந்தும், கடையில் தனித்தனியாக வெட்டிக் கொடுக்கும் உறையிலிருந்தும் வாங்குபவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய எந்த வழியும் இல்லை.

மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் ஆண்மைக் குளிசைகளும் லேகியங்களும் இதைவிடக் கூடுதல் கவலைக்குரியவை. பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரின் சிகிச்சையை நான் இங்கே குறிக்கவில்லை. பெயரும் ஊரும் தெரியாத விற்பனையாளரின் போத்தலையே குறிக்கிறேன். பக்க விளைவு அற்றது என்று விளம்பரம் செய்யப்படும் இத்தகைய பொருட்களில் சில்டெனாபிலே களவாகக் கலக்கப்பட்டிருப்பது உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டுள்ளது. நைட்ரேட் எடுக்கும் ஓர் இதய நோயாளி, மூலிகைதானே என்ற நம்பிக்கையில் அதை விழுங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியாயிற்று. 2008 இல் சிங்கப்பூரில் இதைவிடக் கொடியது நடந்தது. அவ்வாண்டு சனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி அபாயகரமாக வீழ்ந்த நிலையில் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட் என்ற மருந்து, களவாக விற்கப்பட்ட ஆண்மைக் குளிசைகளில் பெருமளவில் கலந்திருந்ததே காரணம் என்று தெரியவந்தது. கஞ்சா கலந்து மறைவாக விற்கப்படும் மதனமோதகமும் விறைப்புக் குறைபாட்டுக்கு மருந்தல்ல.

குளிசையோடு சேர்ந்து செய்ய வேண்டியவை

விறைப்புக் குறைபாடு உள்ள, உடற்பருமன் மிகுந்த ஆண்கள் 110 பேரை இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004 இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி, உடற்பயிற்சி செய்து எடை குறைத்த குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குளிசை இல்லாமலே விறைப்பு சீரானது. புகைப்பதை நிறுத்துவதும், சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதும் குளிசை வேலை செய்யும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மட்டக்களப்பில் வாவிக்கரை ஓரமாகவோ, கல்முனையில் கடற்கரை ஓரமாகவோ தினமும் முப்பது நாற்பது நிமிடம் வேகமாக நடப்பதற்குச் செலவே இல்லை.

மனத்தின் பங்கையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இந்தக் கரையோரத்தில் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்துள்ள ஆண்களில் பலர் யுத்தத்தையும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள், சொந்தங்களை இழந்தவர்கள். தூக்கமின்மை, கெட்ட கனவு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை விறைப்புக் குறைபாட்டோடு சேர்ந்திருந்தால், குளிசை மட்டும் போதாது. பெரிய வைத்தியசாலைகளில் உள்ள உளநலப் பிரிவில் அதையும் சொல்லிச் சிகிச்சை பெற வேண்டும்; மனச்சோர்வு தீரும்போது விறைப்பும் பலருக்குத் திரும்புகிறது.

மனைவியிடம் சொல்லாமல் இருப்பவர், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார் என்று எண்ணுகிறார். உண்மையில், கணவர் விலகிப் போவதைக் காணும் பெண், தன்மேல் விருப்பம் குறைந்துவிட்டது என்றோ, வேறொரு தொடர்பு இருக்கிறது என்றோ எண்ணத் தொடங்குகிறார். “இது ஒரு வருத்தம், வைத்தியரிடம் காட்டுகிறேன், குளிசை தந்திருக்கிறார்” என்று நேராகச் சொல்லிவிட்டால் இரண்டு பேருடைய பதற்றமும் இறங்கும். மாதவிடாய் நின்ற மனைவிக்கு வறட்சியால் வலி இருக்கக்கூடும் என்பதையும் அந்தப் பேச்சின்போதே கேட்டறியலாம். அதற்கும் வைத்தியரிடம் தீர்வு உண்டு.

பலனில்லாதபோது

ஆறு முதல் எட்டு முயற்சிக்குப் பின்னரும் பலன் இல்லையானால், ஒரு சிறு தாளில் எந்தத் திகதியில், எத்தனை மில்லிகிராம், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தின் பின்னர், உறவுக்கு எவ்வளவு நேரத்துக்கு முன்னர் எடுத்தீர்கள், விறைப்பு எந்த அளவுக்கு வந்தது என்பவற்றைக் குறித்து வைத்தியரிடம் கொண்டு போங்கள். அதைப் பார்த்தே அவர் அளவை மாற்றுவதா, சில்டெனாபிலிலிருந்து டடலாபிலுக்குப் போவதா, தினசரி முறையைத் தொடங்குவதா என்று தீர்மானிப்பார். டெஸ்டொஸ்டெரோன் குறைந்திருப்பது பரிசோதனையில் உறுதியானால், அதற்குச் சிகிச்சை செய்த பின்னர் முன்பு தோற்ற குளிசையே வேலை செய்வதுண்டு.

அதன் பின்னரும் முடியாதவர்களை சிறுநீர்த் தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். காற்றை உறிஞ்சி இரத்தத்தை இழுத்து, அடியில் ஒரு வளையம் போட்டு நிறுத்தும் கருவி இருக்கிறது. நைட்ரேட் எடுப்பதால் குளிசையைத் தொட முடியாத இதய நோயாளிகள் வைத்தியரிடம் முதலில் கேட்டறிய வேண்டியது இந்தக் கருவியைப் பற்றித்தான். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர் அதைப் பயன்படுத்தும் முன்னர் அந்த விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆணுறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் தாமே செலுத்தப் பழக்கும் அல்ப்ரொஸ்டடில் மருந்து, நரம்பு பழுதானவர்களிலும் பலருக்கு வேலை செய்கிறது. முதல் ஊசி வைத்தியரின் முன்னிலையிலேயே போடப்பட வேண்டும், அந்த நாளில் எவ்வளவு நேரம் விறைப்பு நீடிக்கிறது என்பதைப் பார்த்தே வீட்டுக்குரிய அளவு குறிக்கப்படும்.